பொதுமக்கள் கவனத்திற்கு

முதலில் எனக்கு அநியாயம் செய்தவன் பவுன்ராஜ். பெயரைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். என் தங்கை குருவம்மாளின் புருஷன். அதோ, கோடியில் ஜன்னல் பக்கம் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, வெள்ளைச் சட்டை, அவன்தான். திரும்பிப் பார்க்காதீர்கள். அவனைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்தால் எழுந்து வந்து வணக்கம் சொல்வான். அப்படிப்பட்ட ஆள்.

நீங்கள் இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள் தம்பி. இடது காது எனக்குக் கேட்காது. நாற்பது வருஷம் ஸ்பீக்கர் குழாய்க்குப் பக்கத்திலேயே நின்று போய்விட்டது. மைக்செட் வைத்திருக்கிறேன். சின்னமனூர்ப் பக்கம் வந்து மைக்செட் சங்கிலி வீடு எது என்று கேளுங்கள், சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும்.

இன்றைக்குத்தான் முதல் தடவை வருகிறீர்களா? முகத்திலேயே தெரிகிறது. அங்கே அம்மா தோளில் சாய்ந்திருப்பது உங்கள் பெண்தானே. என்ன நடந்தது என்று கேட்க மாட்டேன். இங்கே யாரும் கேட்பதில்லை. இந்தப் பெஞ்சில் வந்து உட்காருகிற எல்லாருக்கும் சங்கதி ஒன்றுதான். ஒரு போன், ஒரு போட்டோ, எவனோ ஒரு பயல். உள்ளே ஆலோசனை சொல்கிற ரெஜினா மேடம் என்று ஒருவர் இருக்கிறார். பிள்ளைகளிடம் நன்றாகப் பேசுவார். நம்மிடம்தான் அவ்வளவாகப் பேச மாட்டார். நம்மைப் பேசவும் விடமாட்டார்.

என் மகள் ஜீவிதா இப்போது அவரோடுதான் உள்ளே இருக்கிறாள். கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டுக்கு வருவதில்லை. சனிக்கிழமைதோறும் பவுன்ராஜ் பஸ் ஏறி வந்து விடுதியிலிருந்து இவளைக் கூட்டிக்கொண்டு வருகிறான். நானும் தனியாகப் பஸ் ஏறி வந்து இந்தப் பெஞ்சில் உட்காருகிறேன். முடிந்ததும் அவள் வெளியே வருவாள், என்னைத் தாண்டிப் போவாள், அவனிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அவனோடு படி இறங்குவாள். என்னோடு பேசி, வருகிற பங்குனியோடு ஒரு வருஷம். ஒரு வார்த்தை கிடையாது. 'சாப்டீங்களாப்பா' என்றுகூட இல்லை. வேறெதற்கும் நான் இங்கே வரவில்லை தம்பி, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வருகிறேன். போன வாரம் ரெஜினா மேடம், "அவளாக் கேட்டா உங்களைக் கூப்பிடுறேன் ஐயா. அதுவரைக்கும் அவசரப்படுத்தாதீங்க" என்றார். சரி என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் நியாயம் யார் பக்கம் என்று உங்களுக்குத் தெரியும்.

பவுன்ராஜின் மகள் சுகப்பிரியாவுக்கு முந்தின ஆவணியில் கல்யாணம். நான் தாய்மாமன். தாய்மாமன் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேடைக்கு முதலில் கூப்பிட வேண்டியது அவனை. முதல் மாலை அவன் கையால். அதற்கப்புறம்தான் ஊர், உலகம், மந்திரி, யாராக இருந்தாலும். அந்தக் கல்யாணத்துக்கு மைக்செட் என்னுடையது. நாலு குழாய், ரெண்டு பாக்ஸ், புது மைக். வாடகை என்ற பேச்சே இல்லை, தங்கை வீடு. நானே ஏறி நானே கட்டினேன்.

கம்பத்திலிருந்து கோட்டுப் போட்ட ஒரு அறிவிப்பாளரைக் கூட்டி வந்திருந்தான். அவன் மைக்கைப் பிடித்து என்ன சொன்னான் தெரியுமா? "முதலாவதாக, நமது அன்பிற்குரிய வாழைமண்டி உரிமையாளர் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்." பவுன்ராஜ் அந்த மண்டியில்தான் வேலை பார்க்கிறான். முதலாளி ஏறினார், மாலை போட்டார், போட்டோ எடுத்தார்கள். அப்புறம், "அடுத்ததாக, மணமகளின் தாய்மாமன்."

அடுத்ததாக.

என் மைக். என் குழாய். அதன் வழியாகவே அது மண்டபம் முழுக்கப் போய் ரோட்டில் நின்றவன் காதிலும் விழுந்தது. ஆயிரம் பேர் இருந்தார்கள். நான் ஒருவரையும் திட்டவில்லை. ஒருத்தர் மேலும் கை வைக்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் பக்கம் போனேன், வயரைப் பிடுங்கிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டேன், வந்துவிட்டேன். கோட்டுக்காரன் வாயை வாயைத் திறக்கிறான், சத்தமே வரவில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மறுநாள் காலையில் பவுன்ராஜ் என் வீட்டுக்கு வந்தான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே சொன்னான். "மச்சான், மொதலாளி இன்னொரு கல்யாணத்துக்குப் போற அவசரத்துல இருந்தாரு. அந்தத் தம்பி முந்திக் கூப்ட்டுட்டான். எனக்கே தெரியாது. மனசுல வெச்சுக்காதீங்க."

"மாப்ள, ஆயிரம் பேரு முன்னாடி போனது இப்படி வாசல்ல நின்னு சொன்னா வந்துருமா?" என்றேன். "மைக்ல போச்சு. மைக்லதான் வரணும். ஆள் கூட்டி, மைக் வெச்சு, என் பேரை மொதல்ல சொல்லு. அப்புறம் ஒறவு."

அவன் தலையைச் சொறிந்தான். "அதுக்கு இன்னொரு கல்யாணம் வரணுமே மச்சான்" என்றான். கிண்டல் தம்பி. முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு கிண்டல்.

இன்னொரு கல்யாணம் இருக்கத்தான் செய்தது. அவன் மகன் லோகேஷுக்கும் என் மகள் ஜீவிதாவுக்கும் தை மாதமே பூ வைத்தாகிவிட்டது. அத்தை மகன். பிறந்ததிலிருந்தே இவனுக்கு இவள் என்று பேச்சு. நான்தான் அவளுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தேன். "கட்டிக்கப்போறவன்தானே, பேசு, கூச்சப்படாதே" என்று நானே சொன்னேன். அவளுக்கு அப்போது பத்தொன்பது முடிந்து இருபது. அன்றைக்கே, பவுன்ராஜ் போன அன்றைக்கே, பூ வைத்த தட்டையும் சேலையையும் ஆள் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஜீவிதா சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு, "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?" என்றாள்.

"உன்னைக் கேக்க என்ன இருக்கு? ரெண்டாவதாக் கூப்ட்டது என்னைத்தானே?"

அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். அழவும் இல்லை. அந்தப் பயல் மேல் அவளுக்கு அப்படியொன்றும் பிரியம் இருந்த மாதிரியும் தெரியவில்லை. யாரோடு பேசினாய், எங்கே போனாய் என்று நாள் முழுக்கக் கேட்டுக் குடைந்துகொண்டிருப்பானாம். பின்னால் என் வீட்டுக்காரி சொன்னாள். ஆக, நான் செய்தது நல்லதுக்குத்தான். அதை யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கிறார்களா என்றால் இல்லை.

கார்த்திகை போல இருக்கும். ஷெட்டில் உட்கார்ந்து பழுதான குழாய்க்குக் காயில் கம்பி மாற்றிக்கொண்டிருந்தேன். ஜீவிதா வந்து நின்றாள். இளைத்திருந்தாள். காலேஜ் போய்வருகிற அலைச்சல் என்று நினைத்தேன்.

"அப்பா, லோகேஷ் மெசேஜ் போட்டுக்கிட்டே இருக்கான்."

"என்னவாம்?"

"கல்யாணத்தை நான்தான் நிறுத்தச் சொன்னேன்னு நெனைக்கிறான். மிரட்டுறான்பா."

"மிரட்டுறானா? அவங்கப்பனை வரச்சொல்லு. வந்து மைக்ல என் பேரைச் சொல்லட்டும். அப்புறம் பேசுவோம்."

"அது இல்லப்பா. இது வேற."

"வேற என்ன இருக்கு? எல்லாம் அதுல இருந்து வந்ததுதான். அந்தக் கோட்டுக்காரனுக்குப் பேரை எழுதிக் குடுத்தது யாரு? உங்க மாமன்தானே? தெரியாதுன்னு சொல்றான், தெரியாமலா இருக்கும்?" இப்படி நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கையில் வேலை, வாயில் பேச்சு.

"டீ போடவாப்பா?" என்றாள்.

"போடு" என்றேன்.

நல்ல டீ. அவள் போட்டால் இஞ்சி தட்டிப் போடுவாள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கே நான் எவ்வளவு உறுதியாக இருந்தேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மகள் வந்து சொல்லியும் நான் பவுன்ராஜிடம் இறங்கிப் போகவில்லை.

அப்புறம் நடந்தது உங்களுக்குச் சொல்லாமலே புரியும். பூ வைத்திருந்த காலத்தில் அவன் நச்சரித்து நச்சரித்து இவளிடம் ஒரு போட்டோ வாங்கியிருக்கிறான். திரும்பி வராவிட்டால் போட்டுவிடுவேன், போட்டுவிடுவேன் என்று ரெண்டு மாசம். பிறகு இவள் பெயரிலேயே ஒரு போலிக் கணக்கு ஆரம்பித்து, இவள் கூடப் படிக்கிற பிள்ளைகள் சிலருக்கு அனுப்பிவிட்டான். தாய்மாமன் மகள். சொந்த ரத்தம்.

அதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு இவள் எங்கே போனாள்? என்னிடம் வந்தாளா? இல்லை. அம்மாவிடம்? அதுவும் இல்லை. காலேஜிலிருந்து நேரே பஸ் ஏறி பவுன்ராஜ் வீட்டுக்குப் போயிருக்கிறாள். பட்டப்பகலில், தனியாக, அந்த வீட்டு வாசலுக்கு. நான் தட்டைத் திருப்பி அனுப்பிய வீட்டுக்கு.

என் தங்கை இதை என் வீட்டுக்காரியிடம் சொல்லி, அவள் என்னிடம் சொன்னது. பவுன்ராஜ் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். இவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு, "நான் தப்புப் பண்ணிட்டேன் மாமா" என்றிருக்கிறாள்.

"நீ என்னம்மா பண்ணே? பண்ணுனவன் உள்ள தூங்கிக்கிட்டிருக்கான். நீ மொதல்ல சாப்டு" என்று தன் தட்டைத் தள்ளி வைத்து இவளுக்கு இலை போடச் சொல்லியிருக்கிறான். இவள் சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தானாம். அப்புறம் உள்ளே போய்ப் பயலை எழுப்பித் தலையணைக்கு அடியில் இருந்த போனை எடுத்திருக்கிறான். "அழிச்சிடுறேன்பா, இப்பவே அழிச்சிடுறேன்" என்று அவன் கெஞ்ச, "ஒண்ணையும் அழிக்காத. எல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்று போனைத் துண்டில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டானாம். திறந்துகூடப் பார்க்கவில்லையாம். பெற்ற மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறி, போலீசில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். என் தங்கை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடியிருக்கிறாள். "ஒத்த ஆம்பளப் புள்ளைங்க, ஒத்தப் புள்ள" என்று கத்தியிருக்கிறாள். "அதுவும் நம்ம புள்ளதான்" என்று ஜீவிதாவைக் காட்டிச் சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறிவிட்டானாம்.

பார்த்தீர்களா தந்திரத்தை? என்னை மிஞ்ச வேண்டும் என்பதற்காகச் சொந்த மகனையே பிடித்துக் கொடுத்திருக்கிறான். இப்போது ஊரெல்லாம் அவனைத்தானே மனுஷன் என்கிறது? அந்தப் பயல் உள்ளே இருந்து ஜாமீனில் வந்து இப்போது திருப்பூரில் கிடக்கிறான். இவள் பக்கமே திரும்பக் கூடாது என்று உத்தரவு. அவன் வீட்டுக்குள்ளும் பவுன்ராஜ் சேர்க்கவில்லை. மகனை விட்டுப் பெயரை வாங்கிக்கொண்டான்.

எனக்கு எப்போது தெரிந்தது? போலீசுக்குத் தெரிந்து, மேடத்துக்குத் தெரிந்து, என் வீட்டுக்காரிக்குத் தெரிந்து, அப்புறம். என் வீட்டு விஷயத்தில் நான் கடைசி. அதிலும் பின்னால் தள்ளிவிட்டான்.

அன்றைக்கு அவளிடம் ரெண்டு கேள்விதான் கேட்டேன். "எதுக்குடி அனுப்புனே?" அது ஒன்று. "ஏண்டி எங்கிட்டச் சொல்லல?" அதற்கு என்ன சொன்னாள் தெரியுமா?

"சொல்ல வந்தேன்பா. டீ போடச் சொன்னீங்க."

டீக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை. உங்களுக்கு விளங்குகிறதா?

சரி விடுங்கள். அதற்கப்புறம் ரெஜினா மேடம் எங்களையெல்லாம் இதே இடத்தில் உட்காரவைத்துப் பேசினார். அந்தக் கணக்கை முடக்கியாகிவிட்டது, யார் யாருக்குப் போனதோ அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு அழிக்கச் சொல்லியாகிவிட்டது, பார்த்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் இருக்காது என்றார். "இனிமே புதுசா ஒருத்தருக்கும் தெரியாம இருக்கிறதுதான் முக்கியம். ஏன் அனுப்பினேன்னு கேக்காதீங்க. போனைப் பிடுங்காதீங்க. யார்கிட்டச் சொல்லணும், எப்பச் சொல்லணும்னு அவதான் முடிவு பண்ணணும். நீங்க சத்தமில்லாம அவ பக்கத்துல இருங்க, போதும்" என்றார்.

"சத்தமில்லாம இருக்கிறதுக்கா மேடம் நான் மைக்செட் வெச்சிருக்கேன்?" என்று கேட்டேன். பவுன்ராஜ் சிரித்துவிட்டான். மேடம் சிரிக்கவில்லை.

உங்களுக்கும் இதையேதான் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளைக்கு ஒருத்தன் அநியாயம் செய்திருக்கிறான். வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன அர்த்தம்? தப்பு நம்மேல் என்று அர்த்தம். நான் தொழில்காரன். காணாமல் போன பிள்ளை, சாவு, சண்டை, தண்ணீர் வராத செய்தி, எதுவானாலும் ஊருக்கு என் மைக்கில் சொன்னால்தான் செய்தி. சொல்லாததை ஊர் நடந்ததாகவே எடுத்துக்கொள்ளாது.

பங்குனிப் பொங்கல் வந்தது. அம்மன் கோயிலைச் சுற்றி என் குழாய்தான். தென்னை மரத்தில் ஏற்றிக் கட்டினால் மூன்று ஊருக்குக் கேட்கும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் வரிசையாகப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரியும் ஜீவிதாவும் அந்த வரிசையில்தான் இருந்தார்கள். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் அவள் வெளியே வந்திருந்தாள். பாவாடை தாவணி. பக்கத்துப் பானைக்காரி ஏதோ சொல்ல, இவள் சிரிப்பதைப் பார்த்தேன். அப்போதுதான் பவுன்ராஜ் தேங்காய்த் தட்டோடு வருகிறான். பூசாரி அவனைப் பார்த்ததும், "வாங்க வாங்க" என்று கூட்டத்தை விலக்கித் தட்டை வாங்கினார். எனக்கு முன்னால் தம்பி. நான் அங்கே காலையிலிருந்து நிற்கிறேன்.

பாட்டை நிறுத்தினேன். மைக்கை எடுத்தேன்.

"பொதுமக்கள் கவனத்திற்கு. வாழைமண்டி பவுன்ராஜ் மகன் லோகேஷ் என்பவன், என் மகள் ஜீவிதாவின் போட்டோவைச் செல்போனில் அனுப்பி அசிங்கம் செய்திருக்கிறான் என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். அந்தப் போட்டோவை யாரும் பார்க்கக் கூடாது. வைத்திருப்பவர்கள் உடனே அழித்துவிட வேண்டும். அவனைப் பெற்றவன் தட்டை வாங்குகிற கோயில் நிர்வாகமும் யோசிக்க வேண்டும். பொதுமக்கள் கவனத்திற்கு..."

ரெண்டு தடவை சொன்னேன். அறிவிப்பு என்றால் ரெண்டு தடவை சொல்ல வேண்டும், அதுதான் முறை. கரகரப்பு இல்லை, எதிரொலி இல்லை. அத்தனை சுத்தமாக அந்த மைக் அதற்கு முன்னால் பேசியதில்லை.

கூட்டம் அப்படியே நின்றது. அப்புறம் ஒவ்வொருத்தராகச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்கள். சின்னவன் பெரியவன் எல்லாரும் எடுத்தார்கள். நான் பேசுவதைப் படம் பிடிக்கிறார்கள் என்று நினைத்தேன். சிலபேர் பிடிக்கத்தான் செய்தார்கள். மற்றவர்கள் குனிந்து ஏதோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஜீவிதா பானையை விட்டுவிட்டு நடந்து வந்தாள். கூட்டம் வழிவிட்டது. நேரே ஆம்ப்ளிஃபயரிடம் வந்தாள். வயரைப் பிடுங்கினாள். நான் கல்யாணத்தில் பிடுங்கினேனே, அதே மாதிரி. என் ரத்தம் இல்லையா, அந்தக் கோபம் இருக்கத்தானே செய்யும். என் முகத்தைப் பார்த்து, "ஊருக்கே கேட்டுருச்சுப்பா" என்றாள்.

கடைசியாக என்னோடு பேசியது அதுதான். நான் அதைப் பாராட்டு என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன்.

என்ன கேட்கிறீர்கள்? அவளிடம் கேட்டுவிட்டா அறிவித்தேன் என்றா? எல்லாரும் இதையே கேட்கிறீர்கள். மேடமும் இதையேதான் கேட்டார். என் வீட்டுக்காரி தினமும் இதைத்தான் கேட்கிறாள். மகளுக்காக ஒருத்தன் நியாயம் பேச அவளிடம் அனுமதி வாங்க வேண்டுமா? இது என்ன பேச்சு?

இருங்கள், அதற்கப்புறம்தான் எனக்குப் பெரிய அநியாயம் நடந்தது. நான் பேசியதைப் படம் பிடித்தவர்களில் எவனோ ஒருத்தன் அதைத் துண்டு போட்டு, குத்துப்பாட்டோடு சேர்த்து, என் வாய் மட்டும் திரும்பத் திரும்ப அசைகிற மாதிரி செய்து விட்டுவிட்டான். பரவிவிட்டது. டீக்கடையில் ஓடுகிறது. பஸ்ஸில் ஓடுகிறது. ஜீவிதா காலேஜில் படி ஏறினால் எவனாவது போனில் என் குரலைத் தட்டிவிடுவானாம். "பொதுமக்கள் கவனத்திற்கு." வகுப்புக்குள் நுழைந்தால், "பொதுமக்கள் கவனத்திற்கு." அவ்வளவுதான், மீதியைச் சொல்ல வேண்டியதே இல்லை, எல்லாரும் சிரிப்பார்கள். அந்தப் பருவத் தேர்வை அவள் எழுதவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள்தான். என் தங்கையும் பவுன்ராஜும் மாற்றி மாற்றி வந்து கதவுக்கு வெளியே பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டில்! நான் ஷெட்டில் படுத்துக்கொண்டேன். அவன் கால் வைத்த வீட்டில் நான் எப்படி இருப்பது?

பவுன்ராஜ் கதவுக்கு வெளியே உட்கார்ந்து மண்டிக் கதையெல்லாம் சொல்வான். எந்தத் தார் என்ன எடை, எந்த வியாபாரி யாரை ஏமாற்றினான், முதலாளி வாழைப்பழத் தோலிலேயே வழுக்கி விழுந்தது. அவள் பதில் சொல்ல மாட்டாள். இவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பான். ஒருநாள் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது என்று என் வீட்டுக்காரி ஷெட்டுக்கு ஓடிவந்து சொன்னாள். எனக்கு அந்தப் பக்கக் காது கேட்காது, நான் கேட்கவில்லை.

அப்புறம்தான் அவள் வாராவாரம் இந்த மையத்துக்கு வர ஆரம்பித்தாள். மேடம் காலேஜில் போய்ப் பேசி, அந்தப் பயல்களைக் கூப்பிட்டுக் கண்டித்து, விட்ட தேர்வை எழுதவைத்து, விடுதியில் இடம் வாங்கிக் கொடுத்தார். நல்லதுதான், இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் என் விஷயம்? திருடியது என் குரலை. என் வாயை. அந்த வீடியோ விட்டவர்கள் மேல் நானும் ஒரு புகார் எழுதித்தர வேண்டும் என்று மேடத்திடம் கேட்டேன். "அந்த வீடியோ உங்க பொண்ணு குடுத்த புகார்லயே இருக்குய்யா" என்றார். அவள் புகாரில், அவளுக்குத் தொந்தரவு கொடுத்தவற்றில் ஒன்றாக, என் பேச்சு இருக்கிறதாம். எனக்கென்று தனியாக ஒன்றும் கிடையாது. இதற்குப் பெயர் நியாயமா? சொல்லுங்கள்.

இருங்கள். கதவு திறக்கிறது.

கேட்டீர்களா? நல்ல காதுள்ளவர் நீங்கள், கேட்டிருப்பீர்கள். "பவுன்ராஜ் சார், வாங்க." முதலில் யார் பெயர்? அவன் பெயர். நான் சொன்னேன் அல்லவா. இங்கேயும் அதுதான்.

என்ன, என்னையா? என்னைப் பார்த்தா சொல்கிறார்?

என்ன மேடம்? கொஞ்சம் இந்தப் பக்கக் காதுக்குச் சொல்லுங்கள்.

சரி. சரிங்க மேடம். கேட்டேன்.

உங்களுக்கும் கேட்டதா தம்பி? "ஐயா, இன்னைக்கு நீங்களும் உள்ள வரலாம்னு ஜீவிதாவே சொல்றா. நீங்க எதுவும் பேசக் கூடாது. அவ பேசுறதைக் கேட்டா மட்டும் போதும்." அவளே கேட்டிருக்கிறாள். என் மகள். பார்த்தீர்களா, ஒரு வருஷம் ஆனாலும்... வேட்டியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா பாருங்கள். சரியாக இருக்கிறதா?

பாருங்கள், அவன் எழுந்துவிட்டான். அவன்தானே முதலில் போவான், அவன் பெயரைத்தானே முதலில்...

என்ன மாப்ள? சத்தமாகச் சொல்.

"மச்சான், நீங்க முன்னாடி போங்க" என்கிறான். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒதுங்கி நின்று, "நீங்க மொதல்ல போங்க மச்சான், நான் பின்னாடி வர்றேன். அவ உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருக்கா" என்கிறான்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? நீங்களே சொல்லுங்கள். அன்றைக்கு ஆயிரம் பேர். மண்டபம், மேடை, மைக். இங்கே யார் இருக்கிறார்கள்? நீங்கள், உங்கள் வீட்டம்மா, உங்கள் பெண், அந்தத் தண்ணீர் கேன் போடுகிறவர். நாலு பேர் காதில் சொல்லிவிட்டு ஆயிரம் பேர் முன்னால் போனதை அடைத்துவிடலாம் என்று பார்க்கிறான். மெதுவாகச் சொல்கிறான் பாருங்கள், மெதுவாக, யாருக்கும் கேட்காமல். நான் இப்போது எழுந்து உள்ளே போனால் கணக்குத் தீர்ந்தது என்று ஆகிவிடும். அப்புறம் நான் எதை வைத்துக்கொண்டு கேட்பது?

நீ போ மாப்ள. நான் இங்கேயே இருக்கிறேன். என் பேரை எங்கே சொல்லணுமோ அங்கே சொல்லு, அப்புறம் வருகிறேன்.

இன்னும் நிற்கிறான் பாருங்கள். கதவைப் பிடித்துக்கொண்டே நிற்கிறான். உள்ளே அவள் கால் தெரிகிறது. அந்த நீலச் செருப்பு அவளுடையதுதான். போன வருஷம் நான் வாங்கிக் கொடுத்தது. எழுந்து கதவுப் பக்கம் வருகிறாளோ? இல்லை, நின்றுவிட்டாள்.

என்ன தம்பி, என் தோளைத் தொடுகிறீர்கள்? நீங்களுமா? உங்களுக்குத் தெரியாது. நீங்கள் முதல் தடவை வந்திருக்கிறீர்கள். ஒரு மனுஷனுக்குச் சேரவேண்டியது என்று ஒன்று இருக்கிறது. அதை விட்டுக்கொடுத்துவிட்டு மகள் முன்னால் போய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் அவள் என்னை எப்படி மதிப்பாள்?

சாத்திவிட்டார்கள்.

போகட்டும். அடுத்த சனிக்கிழமை வரத்தானே போகிறேன். பேசுகிறாள் போலிருக்கிறது. உங்களுக்குக் கேட்கிறதா, என்ன சொல்கிறாள்? எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கொஞ்சம் கதவுப் பக்கமாகக் காதை வைத்துக் கேட்டுச் சொல்லுங்கள் தம்பி. என் பெயரைச் சொல்கிறாளா என்று மட்டும்.